ஒன்றரை லிட்டர்

ஜவுளிக்கடையில் நமக்குப் புடவை பிரித்துக் காட்டுகிற பெண்ணிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு அவரிடம் கணக்கு இருக்காது. கழிப்பறைக்கு இருக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு தடவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், வரிசை நீளாமல் இருந்தால், ஒரு தடவை. அதற்குப் பிறகு இரவு வீடு திரும்பித்தான். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அந்த மதியத் தடவையும் தவறிப்போகும். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் அவர் தண்ணீர் குடிக்கிறார். தாகம் மிஞ்சினால் ஒரு மடக்கில் வாயை நனைத்துக்கொள்கிறார்.

பிறகு ஒரு நாள் அடிவயிறு கனக்கிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, எரிந்துகொண்டு இறங்குகிறது. போய்விட்டு வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் முட்டுகிறது. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்கிறார். பக்கத்துப் பிரிவில் நிற்கும் தோழி, "இளநீ குடிடி, தொப்புள்ல வெளக்கெண்ண வை" என்கிறார். மருந்துக்கடையில் சொன்னால் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருகிறார்கள். வீட்டில் ஒரு பெரியவர், "அந்த எடத்த சுத்தமா வச்சுக்கணும்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். அத்தோடு நோயின் பழி முழுவதும் அந்தப் பெண்ணின் உடம்பின்மேல் வந்து இறங்கிவிடுகிறது.

சொன்னவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று, சரியாகக் கழுவாததால் வருகிற நோய் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அந்த நம்பிக்கை இரண்டு தீங்குகளைச் செய்கிறது. கழுவக் கூடாததைக் கழுவவைத்து, உடம்பு தானே கட்டிய காவலைக் கலைக்கிறது. வெட்கத்தை வளர்த்து, பரிசோதனைக்குப் போகவேண்டியவரை மருந்துக்கடையோடு நிறுத்திவிடுகிறது.

உலக அளவில் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்ததாகவும், 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் இறந்ததாகவும் நோய்ச்சுமைக் கணக்கெடுப்புகள் மதிப்பிட்டிருக்கின்றன. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. இத்தனை பரவலான ஒன்றுக்கு அழுக்கைக் காரணம் சொன்னால், பெண்களில் பாதிப் பேர் அழுக்கானவர்கள் என்றல்லவா ஆகும்?

காரணம் உடலின் அமைப்பில் இருக்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர். அவருடைய சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அதன் வாய்க்குப் பக்கத்திலேயே பிறப்புறுப்பு, அதற்குச் சற்றுப் பின்னால் ஆசனவாய். குடலில் வாழ்கிற நுண்ணுயிர் ஒன்று மலவாயிலிருந்து சிறுநீர்ப்பை வரை போவதற்கு, எவ்வளவு சுத்தமான பெண்ணின் உடம்பிலும் தூரம் அவ்வளவுதான்.

அப்படிப் போகிறவற்றில் பெரும்பான்மை ஈ.கோலி என்கிற பாக்டீரியா. தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டு விவரித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம் எல்லோருடைய குடலிலும் அது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்றுகளில் முக்கால் பங்குக்கும் மேல் இதன் சில வகைகளால்தான் வருகின்றன. அந்த வகைகளுக்கு உடல் முழுவதும் நுண்ணிய இழைகள் உண்டு. இழையின் நுனியில் ஒரு புரதம். சிறுநீர்ப்பையின் உள்சுவர்ச் செல்களில் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. புரதம் அந்தச் சர்க்கரையைக் கவ்விக்கொள்கிறது. நாயுருவி புடவையில் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்வதால், சிறுநீர் போகும் வேகத்தில் அடித்துக்கொண்டு போகாமல் தங்கிவிடுகிறது.

இத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரனும் அவருடைய குழுவினரும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எலிகளிடம் கண்டது இது: ஒட்டிக்கொண்ட பாக்டீரியா சிறுநீர்ப்பைச் செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்கே கூட்டமாகப் பெருகுகிறது. பின்னர் நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் அத்தகைய கூட்டங்களின் அடையாளங்கள் கிடைத்தன. செல்லுக்குள் ஒதுங்கிய ஒன்றிரண்டு பிற்பாடு விழித்தெழுவதுதான், குணமான சில வாரங்களில் மறுபடி வருகிற தொற்றுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இப்போது கடைப் பெண்ணின் மதியத்துக்கு வருவோம். ஈ.கோலி சோதனைக்கூடத்தின் நல்ல ஊட்டத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். சிறுநீரில் அந்த வேகம் இருக்காது. அரைமணிக்கு ஒரு தடவை என்றே வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்தால், மாலை ஆறு மணிக்கு அது 65,536 ஆகியிருக்கும். நடுவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர்ப்பை காலியாகியிருந்தால் அதில் பெரும்பகுதி வெளியே போயிருக்கும். உடம்புக்குத் தெரிந்த மிகப் பழைய மருத்துவம் அதுதான். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கிறவரிடம் அந்த மருத்துவம் நிறுத்தப்படுகிறது. "சூடு" என்று நம் பாட்டிமார் பெயர் வைத்ததற்கும், இளநீர், நீர்மோர், பார்லித் தண்ணீர் என்று அவர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்ததற்கும் பின்னால் இந்த அனுபவ அறிவு இருந்திருக்கிறது. அவர்கள் கொடுத்த எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. தொப்புளில் வைத்த விளக்கெண்ணெய் எந்த பாக்டீரியாவையும் ஒன்றும் செய்யாது.

உடம்புக்கு இன்னொரு காவலும் உண்டு. அதைத்தான் நாம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மனியின் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற மகப்பேறு மருத்துவர் 1892இல், ஆரோக்கியமான பெண்களின் பிறப்புறுப்பில் ஒரு வகை பாக்டீரியா குடியிருப்பதையும், அது லாக்டிக் அமிலத்தைச் சுரப்பதையும் விவரித்தார். லாக்டோபேசில்லஸ் என்று இன்று அழைக்கப்படும் குடும்பம் அது. பாலைத் தயிராக்குகிற நுண்ணுயிர்களுக்கு நெருங்கிய சொந்தம். பெண்ணின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அந்த இடத்துச் செல்களில் சர்க்கரைப் பொருளைச் சேர்த்துவைக்கிறது. அதைத் தின்று இவை அமிலம் ஆக்குகின்றன. அந்தப் புளிப்பு, பிஎச் அளவில் 3.8 முதல் 4.5 வரை. குடலிலிருந்து வழிதவறி வரும் ஈ.கோலிக்கு அது பிழைக்கத் தோதான இடம் இல்லை. சிறுநீர்க் குழாயின் வாசலுக்குப் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு காவல் இருப்பதால்தான், தூரம் இவ்வளவு குறைவாக இருந்தும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நேராமல் போகிறது.

சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9, 10 அளவில் இருக்கும். அது காரம். கிருமிநாசினித் திரவம் இன்னும் மோசம். நல்லது கெட்டது பார்க்காமல் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. குளிக்கும் வாளியில் ஒரு மூடி ஊற்றி அந்த இடத்தைக் கழுவுவது நம் வீடுகளில் பிரசவத்துக்குப் பின்னும் மாதவிடாய் நாட்களிலும் பழக்கமாகவே இருக்கிறது. இப்போது அதே பதற்றத்தைக் குப்பியில் அடைத்து, பூ வாசனை சேர்த்து, பிஎச் சமநிலை என்று மேலே அச்சடித்து விற்கிறார்கள். சமநிலையை உடம்பே வைத்திருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து நாம் செய்யவேண்டிய உதவி, தொந்தரவு செய்யாமல் இருப்பது.

இந்த வியாபாரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. லைசால் என்ற கிருமிநாசினி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் பெண்களின் அந்தரங்கச் சுகாதாரத்துக்கென்று விளம்பரம் செய்து விற்கப்பட்டது. தண்ணீரில் கலந்து உள்ளே பீய்ச்சிக் கழுவச் சொன்னார்கள். கணவர் விலகிப் போவதற்கு மனைவியின் கவனக்குறைவுதான் காரணம் என்று விளம்பரப் படங்கள் பயமுறுத்தின. கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேச முடியாத அந்தக் காலத்தில், சுகாதாரம் என்ற சொல்லுக்குள் கருத்தடை என்ற பொருளையும் ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கும் அது பயன்படவில்லை. அன்றைய லைசாலில் கிரெசால் என்ற, தோலைப் புண்ணாக்கும் பொருள் இருந்தது. எரிச்சலும் புண்ணும் மட்டுமல்ல, சாவுகளும் நேர்ந்தன. கிரெசால் பின்னர் போய்விட்டது. அந்தரங்கம் என்றாலே அழுக்கு, அழுக்கென்றால் விலகல் என்ற பயம் மட்டும் விளம்பரங்களில் இன்னும் போகவில்லை.

உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவக் கூடாது என்பதில் மகப்பேறு மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. வெளிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் போதும். நிறமற்றோ லேசான வெள்ளையாகவோ, மாதத்தின் நடு நாட்களில் சற்று அதிகமாகவோ கசிகிற ஈரம் நோய் கிடையாது. அது அந்தச் சுத்திகரிப்பின் அடையாளம். 'வெள்ளைப்படுதல்' என்று சொல்லி, எலும்பே உருகிப் போவதாக நம் பெண்களைப் பயமுறுத்தி வைத்திருப்பதால்தான் பலர் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்புப் போட்டு விரட்டுகிறார்கள். தயிர்த் திப்பிபோல வெள்ளைப்பட்டு அரிப்பெடுத்தால் அது பூஞ்சை. மீன் வாடை வந்தால் அது உள்ளே பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததன் அறிகுறி. உள்ளே பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. இரண்டுமே சிறுநீர்த் தொற்று இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. நீர்க்கடுப்புக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பூஞ்சைக்குப் போட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும்.

கழுவும் திசையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். முன்னாலிருந்து பின்னால் கழுவவேண்டும், துடைக்கவேண்டும். பின்னாலிருந்து முன்னுக்குக் கையைக் கொண்டுவரக் கூடாது. உடலமைப்பைப் பார்த்தால் இது நியாயமான பழக்கம். ஹெல்த் ஃபாசெட் பிடிக்கிறவர்கள் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னுக்குப் பாய்ச்சாமல் இருப்பது நல்லது. பெண் குழந்தைகளுக்கு முதலிலிருந்தே இப்படிப் பழக்கலாம். ஆனால் தொற்று வந்த பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், துடைக்கும் திசையோ உள்ளாடையின் துணியோ குளிக்கும் முறையோ பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. அப்படியானால் வித்தியாசத்தைக் காட்டியவை எவை? தாம்பத்திய உறவு, விந்தணுவைக் கொல்லும் களிம்பு தடவிய கருத்தடைச் சாதனங்கள், பதினைந்து வயதுக்கு முன்பே ஒரு தடவை தொற்று வந்திருப்பது, தாய்க்கும் இதே தொந்தரவு இருந்திருப்பது. இந்தப் பட்டியலில் சோம்பேறித்தனமோ அசுத்தமோ இல்லை.

தாம்பத்திய உறவு என்பதை நம் ஊரில் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கல்யாணமான முதல் மாதத்தில் பல பெண்களுக்கு முதல் நீர்க்கடுப்பு வருகிறது. உறவின்போது வாசலில் இருக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே தள்ளப்படுவதால் வருவது அது. பால்வினை நோய் கிடையாது. கணவர் எங்கிருந்தோ கொண்டுவந்ததும் கிடையாது, மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் கிடையாது. புது வீட்டில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பெண்ணுக்கு, இதை முன்கூட்டியே ஒரு அக்காவோ அம்மாவோ சொல்லி அனுப்பலாம். உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு வலுவான நிரூபணம் இல்லை. செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

இனி மருந்துக்கடை. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

கத்தரித்துத் தரப்படும் அந்த நாலு மாத்திரை பெரும்பாலும் நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகையைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் அது அருமையாகக் கேட்டது. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையத்தில் உள்ள மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ.கோலியில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு மசிவதில்லை. அந்த மாத்திரைக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. தசைநாண், நரம்பு ஆகியவற்றை அது பாதிக்கக்கூடும் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. இன்று மருத்துவர்கள் முதலில் நாடுவது நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற பழைய மருந்துகளை. முதலாவது 1950களிலிருந்து இருக்கிறது. இவை சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்கின்றன. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் போதாது. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யவேண்டியதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

எரிச்சலை அடக்க ஊற்றிக் குடிக்கும் சிரப்பும் மருத்துவர் முடிவுக்கு விடவேண்டியதுதான். சிறுநீரின் புளிப்பை அது குறைக்கிறது, எரிச்சல் தணிகிறது. பாக்டீரியா இருந்த இடத்திலேயே இருக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், இரண்டையும் தானாகச் சேர்த்துக் குடிப்பது மருந்தின் வலுவைக் குறைக்கவும் கூடும்.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாவின் கதையில் சென்னைக்கு ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்கு 2008இல் சிறுநீர்த் தொற்று இருந்தது. அவருடைய சிறுநீரில் கிடைத்த க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையும் சிதைத்துவிடுகிற நொதியைச் சுரந்தது. நியூ டெல்லியின் பெயரைச் சேர்த்து என்டிஎம்-1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களிலிருந்து 73 என்று அத்தகைய பாக்டீரியாக்களை அந்த ஆய்வு எண்ணிக் காட்டியது. டெல்லியின் பெயரைச் சூட்டியதற்குத்தான் அன்று நம் நாட்டில் கோபம் கிளம்பியது. எண்ணிக்கையைப் பற்றிய கவலை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. 2014 மார்ச் முதல், எச்1 என்ற பட்டியலில் சேர்க்கப்பட்ட ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரையும் எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இல்லாத ஆன்டிபயாடிக்கையும் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. உங்கள் தெருமுனை மருந்துக்கடையில் எத்தனை தடவை உங்களிடம் சீட்டுக் கேட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சீட்டு எழுதும் முன் ஒரு பரிசோதனை இருக்கிறது. 'யூரின் கல்ச்சர்' என்று கேட்டால் எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் புரிந்துகொள்வார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று இரண்டு மூன்று நாளில் அறிக்கை வரும். முதல் தடவை வந்த சாதாரணத் தொற்றுக்கு மருத்துவர் இது இல்லாமலும் மருந்து தரலாம். ஒரு வருடத்தில் இரண்டாவது, மூன்றாவது தடவை என்றாலோ, மாத்திரை போட்டும் தணியவில்லை என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ இதைச் செய்யாமல் விடக் கூடாது. மாதிரியை முதல் மாத்திரை விழுங்கும் முன்பே கொடுக்கவேண்டும். எடுக்கும் முறையும் முக்கியம். தண்ணீரால் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் அவர்கள் தரும் டப்பாவில் பிடிக்கவேண்டும். வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். தாமதமானால் டப்பாவுக்குள்ளேயே பாக்டீரியா பெருகி, இல்லாத நோயை அறிக்கையில் காட்டும்.

அறிக்கையில் பாக்டீரியா இருந்தும் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவையில்லை. வயதான பெண்களில் பலருக்கு இப்படி இருக்கும். அதைக் கண்டு பயந்து மாத்திரை போடப்போட, மருந்துக்கு மசியாத வகைகளைத்தான் வளர்க்கிறோம்.

கர்ப்பிணிக்கு இது பொருந்தாது. வளரும் கருப்பை, சிறுநீரகங்களிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களை அழுத்துகிறது. ஹார்மோன் அவற்றைத் தளர்த்துகிறது. சிறுநீர் தேங்குகிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு, எரிச்சல் ஏதுமின்றியே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். மருந்து கொடுக்காமல் விட்டால் அவர்களில் நான்கில் ஒருவருக்காவது அது சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும். குறைமாதப் பிரசவத்துக்கும் அது வழி. கர்ப்பகாலச் சோதனையில் அல்புமினும் சர்க்கரையும் பார்த்தார்கள் என்பதால் இதையும் பார்த்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கல்ச்சர் தனிச் சோதனை. முதல் சில மாதங்களிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களின் துன்பம் இன்னும் மௌனமானது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் லாக்டோபேசில்லஸுக்கு உணவு குறைகிறது, புளிப்பு குறைகிறது, காவல் தளர்கிறது. வருடத்துக்கு ஐந்தாறு தடவை தொற்று வந்து, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அறுபது வயதுக்காரர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ராஸ், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் களிம்பு தடவியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 தடவை தொற்று வந்தது. மருந்துக் களிம்பு தடவியவர்களுக்கு 0.5. முப்பது ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் இந்தக் களிம்பைப் பற்றி அம்மாவிடம் பேச மகனுக்கும் வாய் வருவதில்லை, மருத்துவரிடம் கேட்க அம்மாவுக்கும் வாய் வருவதில்லை. மகள்களும் மருமகள்களும் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதைச் சொல்லி, மருத்துவரோடு கலந்துபேசிய பிறகே தொடவேண்டும்.

எந்த வயதானாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி இவை சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கிறது. இளநீருக்கும் மருந்துக்கடைக்கும் அப்போது நேரம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே பாக்டீரியா வாயுவை உண்டாக்கி அதை அழிக்கிற கொடிய வகை, பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் வருகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மறுபடியும் தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீர் குடித்தால் தொற்று குறையும் என்று எல்லோரும் எப்போதும் சொல்லிவந்தாலும், அதைச் சரியாக அளந்து பார்த்தது அண்மையில்தான். தாமஸ் ஹூட்டனும் உடன் ஆய்வாளர்களும் பல்கேரியாவில், வருடத்துக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் தொற்று வந்த, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீராகாரம் எடுக்கிற 140 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேரை வழக்கத்துக்கு மேல் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 12 மாதத்தில், கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரி 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2 தடவை. ஆன்டிபயாடிக் சாப்பிடுவதும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன் நிறுவனம் என்பதையும் சொல்லவேண்டும். அது தெரிந்தும் நான் இந்த முடிவை நம்புகிறேன். உடம்பின் இயக்கத்தோடு அது பொருந்துகிறது, குழாய்த் தண்ணீருக்கும் அது பொருந்தும். சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டு, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

அதே 2018இல் கேரளம், கடை ஊழியர்களுக்கு வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் அந்தப் போராட்டம் தொடங்கியபோது முதலில் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று கழிப்பறை. தையல்காரரான விஜி, பெண்கூட்டு என்ற அமைப்பின் மூலம் திரட்டிய பெண்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பதைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது. நல்ல சட்டம். அது வந்தபின் சில கடைகளில் முக்காலிகளைப் பார்க்க முடிகிறது. அந்தப் பிரிவு நாற்காலியைப் பற்றிப் பேசுகிறது. கழிப்பறைக்குப் போகும் நேரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பல்கேரியப் பெண்கள் அந்த ஒன்றரை லிட்டருக்காக நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் கூடுதலாகக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது. தடவைக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். மேலாளரிடம் கேட்காமல், விற்பனையில் கழிக்காமல், தாழ்ப்பாள் விழுகிற கதவும் தண்ணீர் வருகிற குழாயும் உள்ள ஓர் இடத்தில், பன்னிரண்டு மணி நேர வேலைநாளில் கால்மணி நேரம்.